புளியோதரைப் பொட்டலமும் பக்கத்து இருக்கைப் பிள்ளையும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 63. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மகள் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் அடுத்த மாதம் மறுபடியும் அங்கே போகிறோம். நாங்கள் சுத்த சைவம். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டில் எதில் என்ன கிடக்கிறதென்று தெரியாததால் புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். போன தடவை விமானம் கிளம்புமுன் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார்கள், எங்களுக்குப் புரியவில்லை. பிறகு நான் பொட்டலத்தைப் பிரித்ததும், பக்கத்தில் சின்னப் பையனோடு உட்கார்ந்திருந்த பெண் பதறிப்போய் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாதாம். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, கொடுத்த ரொட்டியைத் தின்று போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒரே அவமானமாகிவிட்டது. “வாசனைக்கே உயிர் போயிருமா? நம்ம காலத்துல யாருக்குக் கடலை சேராம இருந்துச்சு?” என்று வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளோ, “ஒண்ணும் கட்டிக்கிட்டு வராதீங்க, பிரெட் போதும்” என்கிறாள். நான் என்னதான் கொண்டு போவது? பேரனுக்குக் கடலைமிட்டாய் என்றால் உயிர், ஆனால் அவன் பள்ளிக்கூடத்தில் கடலையே கூடாதாமே? இட்லிப் பொடியும் கொப்பரையும் எடுத்துப் போகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மா,

பிரெட்டைத் தின்றுகொண்டு இருபது மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சோறு கட்டிக்கொண்டு போகலாம். அதில் எது இருக்கலாம், எது கூடாது, தின்ற பிறகு கையை என்ன செய்வது, இவ்வளவுதான் விஷயம். அவமானப்பட இதில் எதுவும் இல்லை. அந்தப் பெண் பதறியது உங்கள் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்ததால் அல்ல. நடுக்கடலுக்கு மேலே பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை என்கிற பயம் அவளுக்கு.

உங்கள் வீட்டுக்காரரின் முதல் கேள்வி நல்ல கேள்வி. வாசனைக்கே உயிர் போகுமா? வறுத்த கடலையின் மணம் பைரசின் போன்ற மிகச் சிறிய மூலக்கூறுகளால் வருகிறது. அலர்ஜியைக் கிளப்புவது கடலையில் உள்ள புரதம். மணம் காற்றில் பறக்கும், புரதம் அப்படிச் சுலபமாகப் பறக்காது. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான கடலை அலர்ஜி உள்ள 30 குழந்தைகளின் முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் பத்து நிமிடம் கடலை வெண்ணெயை வைத்து முகரச் செய்தார்கள். ஒருவருக்கும் மூச்சுத் திணறலோ மயக்கமோ வரவில்லை. தோலில் தடவிப் பார்த்தபோது சிலருக்குத் தடவின இடத்தில் சிவந்தது, அரித்தது, அதோடு சரி. விமானத்துக்குள் காற்றும் நாம் நினைப்பதுபோல் அடைந்து கிடப்பதில்லை. மணிக்கு இருபது முப்பது தடவை மாறுகிறது. மேலிருந்து இறங்கி, பெரும்பாலும் அந்தந்த வரிசையின் ஓரத்திலேயே கீழே வெளியேறுகிறது. திரும்பச் சுழலும் பங்கு, மிக நுண்ணிய துகளையும் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியாகப் போய் வருகிறது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்காகச் செய்யப்பட்டு 2024-இல் வெளியான மீளாய்வும் இதையே சொல்கிறது: கடலைத் துகள் காற்றுவழியே விமானம் முழுக்கப் பரவி ஆபத்து உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் அந்தப் பெண் வீணாகப் பதறினாளா? இல்லை. ஆபத்து காற்றில் இல்லை, கையில் இருக்கிறது. புளியோதரையைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். எண்ணெயும் கடலைத் துணுக்கும் விரலில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கையோடு சாப்பாட்டுத் தட்டை மடக்குகிறோம், முன்னால் இருக்கும் திரையைத் தொடுகிறோம், பெல்ட்டைக் கழற்றுகிறோம், கழிவறைத் தாழ்ப்பாளைத் திருகுகிறோம். அடுத்து அங்கே கை வைப்பது நான்கு வயதுப் பிள்ளை என்றால், அந்தக் கை எங்கே போகும்? வாய்க்குத்தான். ஒரு நிலக்கடலைப் பருப்பில் 150 முதல் 250 மில்லிகிராம் வரை புரதம் இருக்கும். அலர்ஜி தீவிரமாக உள்ள சிலருக்கு ஓரிரு மில்லிகிராம் வயிற்றுக்குள் போனாலே அலர்ஜி கிளம்பிவிடும்.

ஆகவே முதல் வேலை கை கழுவுவது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில், கையில் கடலை வெண்ணெய் தடவிவிட்டுப் பல விதமாகச் சுத்தம் செய்து பார்த்தார்கள். சோப்பும் ஈரத் துடைப்பான்களும் கடலைப் புரதத்தை நன்றாக நீக்கின. வெறும் தண்ணீரும், கொரோனாவுக்குப் பிறகு எல்லார் பையிலும் குடியிருக்கிற சானிடைசரும் சிலர் கையில் மிச்சம் வைத்தன. சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தைத் தள்ளிக்கொண்டு போகாது. காகிதக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பதும் போதாது. ஈரத் துடைப்பான் பாக்கெட் ஒன்று கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் கையையும் தட்டையும் துடைத்து, பிறகு கழிவறையில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சீட்டில் உட்கார்ந்ததும் தட்டையும் கைப்பிடியையும் ஒருமுறை துடைத்துக்கொண்டால் உங்களுக்கும் நல்லதுதான். முந்தின பயணி என்ன தின்றாரோ யார் கண்டது.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்காமல் சாப்பிட மாட்டார்கள். “இந்தா கண்ணு, ஒரு வாய் வாங்கிக்கோ” என்று நீட்டுவது நம் வளர்ப்பு, அதில் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அலர்ஜி மருத்துவனாக நான் பயப்படுவது வாசனைக்கு அல்ல, இந்த ஒரு வாய்க்குத்தான். அம்மா தூங்கும்போது, அப்பா கழிவறைக்குப் போன நேரத்தில், அன்பாக நீட்டின எள்ளுருண்டை, மக்ரூன், கடலைமிட்டாய். பிள்ளைக்குச் சேராது என்று சொல்லத் தெரியாது, அல்லது சொல்ல வெட்கப்படும். விமானத்தில் மட்டும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொடுக்காமல் இருக்க முடியாது என்றால் பெற்றவர்களிடம் கேளுங்கள், அதுவும் பொருளின் பெயரைச் சொல்லி, அதில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் சொல்லி.

“நம்ம காலத்துல யாருக்கு இருந்துச்சு” என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் கடலை அலர்ஜி குறைவுதான், அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இருக்கிறது. ஏன் அப்படி என்பதற்கு ஒரு பகுதி பதில் கிடைத்திருக்கிறது. 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு முதல் வயதிலிருந்தே கடலை கலந்த உணவு கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவே இல்லை. கொடுத்தவர்களிடம் அலர்ஜி எண்பது சதவிகிதம் அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்கு முன் பல வருடம் ‘கடலையே கொடுக்காதீர்கள்’ என்று அங்கே டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்காக நம் ஊரில் அலர்ஜியே இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட வேண்டாம். உடம்பெல்லாம் தடித்துப்போய் வந்த பிள்ளையைக் ‘காணாக்கடி’, அதாவது கண்ணில் படாத பூச்சி கடித்தது என்று சொல்லி, வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்து அனுப்பின வீடுகள் தாமிரபரணிக் கரையில் ஏராளம். அதில் எத்தனை உணவு அலர்ஜியோ.

சரி, சமையலறைக்கு வருவோம்.

புளியோதரையை விட வேண்டாம். நிலக்கடலைக்குப் பதில் கடலைப்பருப்பை நன்றாகச் சிவக்க வறுத்துப் போடுங்கள், கடிக்கிற சுகம் அதிலும் கிடைக்கும். முந்திரிக்கு மாறிவிடாதீர்கள், அதுவும் கடும் அலர்ஜி தரும் பொருள்தான். முந்திரி ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குப் பிஸ்தாவும் ஆகாது. அடுத்தது எள். நம் வீடுகளில் புளியோதரைப் பொடியில் எள்ளை வறுத்துப் போடாமல் மணம் வராது என்பார்கள். அமெரிக்காவில் 2021-இல் சட்டம் போட்டு, 2023 ஜனவரியிலிருந்து பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது அலர்ஜிப் பொருளாக எள்ளைச் சேர்த்திருக்கிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதியில் நிலக்கடலை, முந்திரி வகையறா, பால், முட்டை, மீன், கோதுமை, சோயா எல்லாம் உண்டு, எள் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, எள்ளை இவ்வளவு தின்கிற நாம்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அது கிடக்கட்டும். விமானத்துக்கான சோற்றுக்கு எள்ளில்லாத பொடி செய்துகொள்ளுங்கள்: வெந்தயம், மல்லி, மிளகாய், பெருங்காயம் போதும். வீட்டில் சாப்பிடும் புளியோதரைக்கு வழக்கம்போல் எள் போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. கடையில் விற்கும் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, அதனால் பெரும்பாலான கடலை அலர்ஜிக்காரர்களுக்கு அது தொந்தரவு கொடுப்பதில்லை. செக்கில் ஆட்டின எண்ணெய் வேறு கதை. அதில் புரதம் தங்கியிருக்கும், கடலை எண்ணெயானாலும் நல்லெண்ணெயானாலும். உடம்புக்கு நல்லது என்று இப்போது வீட்டுக்கு வீடு செக்கெண்ணெய் வாங்குகிறோம். முறுக்கும் தட்டையும் அதில்தான் வேகின்றன. பயணத்துக்குப் பொரிப்பதையும் தாளிப்பதையும் சூரியகாந்தி எண்ணெயில் செய்துகொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் வாசனை பிடிக்கும் என்றால் அதுவும் சரி.

சோறு வேண்டாம், இட்லி போதும் என்றால் அதுவே சிறந்த சாப்பாடு. ஒன்றே ஒன்று, மிளகாய்ப்பொடியைத் தனியாகக் கொண்டுபோய் விமானத்தில் தூவாதீர்கள். கொட்டும், பறக்கும், அடுத்தவர் மடியில் விழும். வீட்டிலேயே எள்ளில்லாத பொடியை எண்ணெயில் குழைத்து இட்லியின் இருபுறமும் தடவி, வாட்டின வாழையிலையில் மடித்துவிடுங்கள். கையிலும் அவ்வளவாக ஒட்டாது, கெடவும் கெடாது. தேங்காய்ச் சட்னி அம்பையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் போவதற்குள்ளேயே புளித்துவிடும். தயிர்சாதத்தையும் அந்த நீண்ட பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன். சப்பாத்திக்குள் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டிக்கொள்ளலாம். தொக்கைத் தனிப் பாட்டிலில் எடுத்துப்போனால் வெளிநாட்டு விமானங்களுக்கான சோதனையில் திரவக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். எப்படியும் முதல் எட்டு மணி நேரத்துக்கான சாப்பாட்டை மட்டும் கட்டுங்கள். அதற்கு மேல் எந்தச் சோறானாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மிச்சத்துக்கு மனோகரம், எள்ளும் நிலக்கடலையும் போடாத முறுக்கு, வாழைக்காய் வற்றல் எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்து எடுத்துப்போகலாம், பேரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். வீட்டில் செய்தால் எள்ளைச் சேர்க்காதீர்கள், கடையில் வாங்கினால் கேட்டு வாங்குங்கள். தூத்துக்குடி மக்ரூன் முழுக்க முந்திரியும் முட்டை வெள்ளையும், அது கைப்பைக்கு வேண்டாம், சைவமான உங்களுக்கும் வேண்டாம். அல்வாவில் கோதுமையும் நெய்யும், சில கடைகளில் முந்திரியும். கைப்பையில் வைத்தால் சோதனைக்காரர்கள் அதைக் களிம்புபோல் பார்த்து எடுத்துவிடும் அபாயமும் உண்டு, பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள்.

எல்லா அலர்ஜிக்கும் பயந்து சமைக்க முடியாது. பால், கோதுமை ஆகாதவர்களும் விமானத்தில் இருப்பார்கள், அதற்காகச் சப்பாத்தியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். விமானக்காரர்களே ரொட்டியும் வெண்ணெயும் பரிமாறுகிறார்கள். நிலக்கடலை, முந்திரி வகையறா, எள் ஆகிய மூன்றையும் கைப்பையில் தவிர்த்தால் ஒரு பயணியாக உங்கள் பங்கை நன்றாகவே செய்துவிட்டீர்கள்.

விமானச் சாப்பாட்டையும் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கும்போதோ, பயணத்துக்குக் குறைந்தது ஒரு நாள் முன்போ, ‘ஆசிய சைவ உணவு’ வேண்டும் என்று மகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அதன் குறி ஏ.வி.எம்.எல். இந்திய மசாலாவோடு, முட்டை, மீன், இறைச்சி இல்லாமல் தனியாக வரும், பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கட்டுச்சோறு ஒரு வேளைக்கு, இது மறு வேளைக்கு.

அறிவிப்பு பற்றி: சில நிறுவனங்கள் அறிவிக்கின்றன, சில அந்தக் குடும்பத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசைக்கு மட்டும் சொல்கின்றன, சில எதுவும் செய்வதில்லை. ‘எங்கள் விமானத்தில் கடலையே இருக்காது’ என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. ஒரு பக்கம் அறிவித்துவிட்டு மறுபக்கம் அவர்களே முந்திரி வறுவல் விற்பதையும் பார்க்கலாம், அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அறிவித்தால் கேட்டு நடந்துவிடுங்கள். ஆபத்து கொஞ்சம்தான் என்றாலும், பதினைந்து மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுங்குகிறவளுக்கு நாம் கொடுக்கும் நிம்மதி பெரிது. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் ‘பீனட் அலர்ஜி, எனிபடி?’ என்று கேளுங்கள், இரண்டு மூன்று வார்த்தை போதும். வீட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்தால் நீங்களே கேளுங்கள்.

எப்போதாவது பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஏதோ தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பு தடித்து, வாந்தியோ இளைப்போ வந்தால் உடனே அழைப்பு மணியை அழுத்துங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், எலுமிச்சம்பழச் சாறும் வேண்டாம். மயக்கமாகத் தெரிந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்தே இருக்கட்டும், எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டியது. வெளிநாட்டுக் குடும்பங்கள் பேனா போன்ற ஊசியாகக் கையோடு வைத்திருப்பார்கள். விமானத்தின் மருந்துப்பெட்டியில் அது பெரும்பாலும் ஆம்பூலாகத்தான், அதாவது உடைத்து ஊசியில் ஏற்ற வேண்டிய சின்னக் கண்ணாடிக் குப்பியாகத்தான் இருக்கும், போடத் தெரிந்தவர் வேண்டும். இப்படி அலர்ஜி உள்ள நம் ஊர்ப் பெற்றோர் இதைப் படித்தால், அந்தப் பேனா ஊசி இங்கே மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்காது, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

கடலைமிட்டாய் பேரனுக்குக் கட்டாயம் கொண்டு போங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, அவன் தின்னாமல் யார் தின்பது? பாக்கெட்டைப் பிரிக்காமல், இன்னொரு பையில் போட்டுக் கட்டி, பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். வீட்டில் சாப்பிடட்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பள்ளிக்கூடப் பையிலோ உடுப்புப் பையிலோ ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. அங்கே பிள்ளைகள் தின்பண்டத்தை மாற்றி மாற்றித் தின்பார்கள், அதனால்தான் பல பள்ளிகளில் தடை. வகுப்புக்கு ஏதாவது கொடுத்தனுப்ப ஆசை என்றால் மகளைப் பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப் பலகாரத்தைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகக் கேட்ட இரண்டு. கொப்பரை வேண்டாம். எண்ணெய் நிறைந்திருப்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருளாக அதை விமானத்துறை வகைப்படுத்தியிருக்கிறது. கைப்பையிலும் பெட்டியிலும் கண்டால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இட்லிப் பொடி கொண்டு போகலாம், ஆனால் பெரிய பெட்டியில். அமெரிக்கா போகிற விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் 2018-லிருந்து தனிச் சோதனை, திறந்து பார்ப்பார்கள், சில நேரம் விடவும் மாட்டார்கள். அங்கே போய் இறங்கினதும் உணவுப்பொருள் இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றே சொல்லுங்கள், மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தைப் பெட்டிக்குள் சொருகாதீர்கள், அதை அவர்கள் அனுமதிப்பதில்லை. பொடிச் சம்படத்தின்மேல் பெயரையும் சேர்த்திருக்கும் பொருள்களையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் வழக்கமான பொடியில் எள் இருக்குமே, அதையும் விடாமல் எழுதட்டும். மகள் வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால் அந்தக் காகிதம் அங்கேயும் உதவும்.